பாரதக் கூத்தில் யார் நல்லவன், யார் கெட்டவன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி தொடங்கி வைகாசி வரை வட ஆர்க்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் சாகும் படுகளம், மாலையில் தீமிதி. 1989இல் மாவட்டம் இரண்டானது, 2019இல் வேலூர் மறுபடியும் மூன்றானது. ஆனாலும் ஆற்காடு, ஆரணி, செய்யாறு, போளூர், குடியாத்தம் பக்கங்களில் கூத்து ஆடும் களரியைச் சுற்றி உட்காருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஒன்றுதான். கதை எல்லோருக்கும் தெரியும். இவன் ஏன் இப்படிச் செய்தான், அந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் தடுக்குகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

விடிய விடிய ஆடறாங்க, பாதி பாட்டு புரியல. எதைப் பாத்தா ஆளு எப்பேர்ப்பட்டவன்னு தெரியும்?

திரையைப் பாருங்கள். முக்கியமான வேஷம் எதுவும் நேராக வந்து நிற்காது. இருவர் திரை பிடிப்பார்கள், உள்ளிருந்து விருத்தம் (ராகத்தோடு பாடும் செய்யுள்) வரும், பிறகு முகம் தெரியும், கடைசியில் திரை விலகும். அந்த முதல் விருத்தத்திலேயே தான் யார், எதை நினைத்துப் பெருமைப்படுகிறான் என்பதை அவன் சொல்லிவிடுவான். எதில் பெருமையோ அதில்தான் பிற்பாடு அடி விழும். அதனால் பத்து மணிக்கே போய்விடுங்கள். நடுராத்திரிக்கு மேல் போனால் சண்டைதான் மிஞ்சியிருக்கும், சண்டையின் காரணம் முன்னாலேயே பாடி முடிந்திருக்கும்.

அடுத்தபடியாகக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைக் கவனியுங்கள். சிரிக்க வைக்க மட்டும் வருகிறவர் அல்ல அவர். ராஜாவிடம் யாரும் கேட்கத் துணியாததை ஊர்க்காரன் பேச்சில் கேட்பார். அவர் கேள்விக்கு ராஜா மழுப்பினால், மழுப்பிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு பிடிபடவில்லை என்றால் மிருதங்கத்தின் பக்கம் இல்லாமல் பின்பாட்டுக்காரர் பக்கமாக உட்காருங்கள். வேஷக்காரர் பாடும் அடியை அவர்கள் திருப்பிப் பாடும்போது சொல் தெளிவாகும்.

செவப்பு மூஞ்சின்னா கெட்டவன், பச்சைன்னா நல்லவன், அதானே கணக்கு?

அப்படிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். அரிதாரம், அதாவது முகப்பூச்சு, காட்டுவது குணத்தின் சூட்டை. துரியோதனனுக்குச் சிவப்பு என்றால் ரோஷக்காரன், ராஜச குணத்தான் என்று பொருள். கிருஷ்ணனுக்குப் பச்சையோ நீலமோ பூசுவது அவன் திருமேனியின் நிறத்துக்காக. கிருஷ்ணன் செய்வதெல்லாம் நியாயம் என்று அந்த நிறம் சான்று சொல்வதில்லை. மற்ற வேஷங்களின் நிறம் ஜமாவுக்கு ஜமா, அதாவது குழுவுக்குக் குழு மாறும். வாத்தியாரிடம் கேட்டால் தங்கள் வழக்கத்தைச் சொல்வார்.

துரியோதனன் வில்லன்தானே? அவனுக்குப் போயி எதுக்கு அவ்ளோ பெரிய கிரீடம், புஜத்துல கட்டை, கண்ணாடி எல்லாம்?

கட்டை வேஷம் என்பது வீரனுக்கு உரிய வேஷம். கிரீடம், புஜக்கட்டை, மார்பில் கட்டுவது, காதில் வைப்பது எல்லாமே கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடியும் ஒட்டியவை. கட்டி முடித்ததும் ஆள் ஒன்றரை மடங்கு பெருத்துத் தெரிவான், கிறிக்கி அடித்துச் சுழலும்போது வெளிச்சம் நாலாப் பக்கமும் தெறிக்கும். துரியோதனனும் கர்ணனும் அர்ச்சுனனும் அந்தப் பெருமைக்கு உரியவர்கள் என்று கூத்து மதிக்கிறது. வில்லன் என்ற சொல் சினிமாவிலிருந்து வந்தது. களரியில் அதற்கு இடமில்லை.

தமிழில் துரியோதனனுக்கு வணங்காமுடி என்று ஒரு பெயர். கிரீடத்தை அந்தப் பெயரோடு சேர்த்துப் பாருங்கள். யாருக்கும் தலை குனியாதவன் என்பது ராஜாவுக்குப் புகழ். அதே கழுத்துதான் அண்ணன் தம்பிகளுக்கு ஐந்து ஊர் கொடுக்கவும் குனிய மறுக்கிறது. அவனிடம் புகழ் ஒன்றாகவும் குறை ஒன்றாகவும் இரண்டு இல்லை. இது பிடிபட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு வழி கிடைக்கும்.

கர்ணன் அவ்ளோ நல்லவன்னா ஏன் அந்தப் பக்கம் நிக்கறான்? அம்மாவே வந்து கூப்ட்டாங்களே!

அதற்கு அவனே காரணம் சொல்கிறான். வில்லிபுத்தூரார் பாரதத்தில் குந்தியிடம் அவன் சொல்வது இது: தான் துரியோதனனின் மனைவியோடு தனியிடத்தில் இருந்தபோது அவளுடைய மேகலை அறுந்து மணிகள் சிதறின. உள்ளே வந்த துரியோதனன் துளியும் சந்தேகப்படாமல் ‘எடுக்கவோ, கோக்கவோ’ என்று கேட்டான். அப்படி நம்பியவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே தனக்குத் தர்மம் என்கிறான். தேரோட்டி மகன் என்று சபையே இகழ்ந்தபோது அங்க நாட்டைக் கொடுத்தவனும் அந்தத் துரியோதனன்தான். பிறப்பு தெரியாதவனுக்கு நம்பிக்கைதான் குலம், அதை விட்டு வர அவனால் முடியவில்லை.

பலர் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்தது. கர்ணன் கொடுத்தவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். கவச குண்டலத்தை இந்திரனிடம் கொடுத்தான். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடமாட்டேன், அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லமாட்டேன் என்று குந்திக்கு வாக்குக் கொடுத்தான். இவை அவனுடைய சொத்து மட்டுமல்ல, துரியோதனன் நம்பி இறங்கிய படைபலம். யாருக்குக் கடன் பட்டானோ அவனுடைய வெற்றியைத்தான் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தான், அதையும் அவனிடம் சொல்லவில்லை. கடனும் கொடையும் ஒரே ஆளுக்குள் ஒன்றையொன்று தின்கின்றன. கர்ணன் சாகும் ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், விடியற்காலையில் தேர்ச்சக்கரம் புதையும்போது அது சாபத்தால் மட்டும் புதையவில்லை என்பது தெரியும்.

அவன் அப்பழுக்கில்லாதவனும் அல்ல. வியாசர் பாரதத்தில் சூதாட்டச் சபையில் திரௌபதியின் ஆடையைக் களையச் சொல்லும் குரல் கர்ணனுடையது. சபையில் அவமானப்பட்டவன், சபையில் ஒருத்தியை அவமானப்படுத்துகிறான்.

பொன்னுருவி ஏன் புருஷன்னும் பாக்காம அப்படிப் பேசறா? படத்துல அப்படி இல்லையே.

1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் மனைவியின் பெயர் சுபாங்கி. அவள் கணவன்மேல் உயிராக இருப்பாள், குலம் பேசி இழிவுபடுத்துவது அவளுடைய தகப்பன். கூத்தில் மனைவி பொன்னுருவி, குலத்தைக் குத்திக்காட்டுவதும் அவளேதான். போருக்குப் போகுமுன் விடைபெற வந்தவனை வாசலிலேயே நிறுத்திப் பேசுவாள்.

இதில் கூத்து தேர்ந்தெடுத்த வழி கூர்மையானது என்பதே எங்கள் கருத்து. வெளியே சபை சொன்ன சொல்லையே வீட்டுக்குள் கட்டியவளும் சொல்கிறாள், அதனால் அவனுக்கு ஒதுங்க ஓர் இடமும் மிச்சமில்லை. பொன்னுருவியின் பக்கமும் இருக்கிறது. தன் குலப்பெருமை போய்விட்டது என்ற வலியோடு வாழ்ந்தவள் அவள். அவன் பிறப்பின் உண்மை வெளிப்பட்டு அவள் மனம் மாறும்போது அவனுக்குப் போருக்கு நேரமாகிவிடுகிறது. இந்தத் தர்க்கத்தைப் பெண் வேஷக்காரரும் கர்ண வேஷக்காரரும் மாறி மாறித் தருவாக, அதாவது தாளத்தோடு கூடிய பாட்டாகப் பாடுவார்கள். சில ஜமாக்கள் நேரம் போதவில்லை என்று இதைச் சுருக்குவதுண்டு. சுருக்கினால் கடைசி அழுகை வெறும் அழுகையாகிவிடும்.

சாகற நேரத்துல புண்ணியத்தை வாங்கிக்கறது அநியாயம் இல்லையா? கிருஷ்ணன் செஞ்சது சரியா?

தர்மம் காத்து நிற்கும்வரை கர்ணனின் உயிர் பிரியாது. அதனால் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியம் அத்தனையும் கேட்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லாமல் தன் ரத்தத்தையே வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். வரம் கேள் என்றபோது, மறுபிறவி உண்டானால் இல்லை என்று வருகிறவர்க்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான். தன்னைக் கொன்ற குணத்தையே திரும்பவும் கேட்கிறான். மேலே கொடையைக் குறை என்று சொன்னதற்குச் சிலர் கோபப்படுவார்கள். அவர்கள் இந்த இடத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். கர்ணனுக்கு அது தெரியும், தெரிந்தேதான் கேட்கிறான்.

கிருஷ்ணன் செய்தது சூழ்ச்சிதான், கூத்தும் அதை மறைப்பதில்லை. தூது வரும் இடத்தைப் பாருங்கள். கிருஷ்ணன் விதுரன் வீட்டில் தங்கினான் என்பதற்காக அவனுடைய பிறப்பைத் துரியோதனன் இழித்துப் பேச, அர்ச்சுனன் வில்லுக்கு ஈடான தன் வில்லை விதுரன் ஒடித்துப் போடுகிறான். அஸ்வத்தாமனைத் தனியே அழைத்துப் பேசும்போது கிருஷ்ணன் மோதிரத்தை நழுவவிடுகிறான். அதை அஸ்வத்தாமன் எடுத்து நீட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்த துரியோதனன், சத்தியம் செய்து கொடுக்கிறான் என்று சந்தேகப்படுகிறான். கிருஷ்ணன் கத்தி எடுக்கவில்லை, அவரவர் குணத்தைத் தொட்டுவிட்டான், அவ்வளவுதான். கர்ணனையும் தன் மனைவியையும் ஒரு கணம்கூடச் சந்தேகப்படாத அந்தத் துரியோதனன், ஒரு மோதிரத்தைப் பார்த்து அஸ்வத்தாமனைச் சந்தேகப்பட்டது பாரதத்தின் பெரிய சோகங்களில் ஒன்று.

திரௌபதி சிரிச்சதாலதான் இவ்ளோ சண்டைன்னு எங்க ஊருல பெரியவங்களே சொல்றாங்க. நெசமா?

யார் வாக்கில் அது வருகிறது என்று பார்க்க வேண்டும். மயன் கட்டிய மாளிகையில் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுகிறான் துரியோதனன். வியாசர் அந்தக் காட்சியை நேராகச் சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் தம்பிகளும் வேலைக்காரர்களும். திரௌபதி பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்பது, பிறகு துரியோதனன் தன் தகப்பனிடம் போய் முறையிடும் பேச்சில்தான் வருகிறது. சாட்சி சொல்கிறவனே வழக்குக்காரன்.

அவள் சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சிரிப்புக்குச் சபை நடுவே துகில் உரிவது ஈடாகாது. உள்நோக்கத்தைத் தேடும்போது அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு, ராஜசூய யாகத்தில் வந்து குவிந்த திறைப்பொருளைப் பார்த்து அவனுக்குத் தூக்கம் போனதைப் பாருங்கள். வியாசரில் அவன் தகப்பனிடம் நீளமாகப் பட்டியல் போட்டுப் புலம்புவது அதைத்தான்.

கூந்தல் முடியாம இருக்கறதுக்கு என்ன அர்த்தம்? வெறும் கோவமா?

கூந்தலைப் பிடித்து இழுத்துத்தான் அவளைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அவிழ்ந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம், தீர்ப்புச் சொல்லப்படாத வழக்கின் அடையாளமும்கூட. வியாசரில் கிருஷ்ணன் தூது போகுமுன் அவள் கூந்தலைக் கையில் எடுத்துக் காட்டி, சமாதானம் பேசும்போது இதை மறக்காதே என்கிறாள். எதிரியின் ரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்ற சபதம் பிற்பாடு வளர்ந்தது. 1912இல் பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ துச்சாதனன், துரியோதனன் இருவர் ரத்தத்தையும் கலந்து கேட்கிறது. நம் பக்கத்துப் படுகளத்தில் துரியோதனன் தொடையிலிருந்து எடுத்துப் பூசி முடிக்கிறார்கள்.

தர்மர் பொண்டாட்டிய வெச்சு ஆடனவரு. அவரைப் போயி தர்மர்னு எப்படிச் சொல்றது?

அழைத்தால் மறுப்பதில்லை என்பது அவருடைய விரதம். சூதுக்கு அழைத்தபோதும் அதைத்தான் சொன்னார். விரதம் தவறாமல் இருப்பதில் அவருக்கு உள்ள பெருமை, அந்த விரதத்தின் விலையைத் தம்பிகளும் மனைவியும் கொடுக்கிறார்கள் என்பதைக் காண விடவில்லை. துரியோதனன் கிரீடத்தைப் பற்றி முன்னே சொன்னது இவருக்கும் பொருந்தும். ‘தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு உரிமை ஏது?’ என்று திரௌபதி கேட்ட கேள்விக்குச் சபையில் பதில் வரவில்லை. கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவள் பக்கம் பேசினான்.

அவர் திருந்தினாரா என்று பார்க்க ஓர் இடம் உண்டு. பதினெட்டாம் நாள் குளத்துக்குள் மறைந்திருக்கும் துரியோதனனிடம், எங்களில் ஒருவனோடு மோதி ஜெயித்தால் ராஜ்யம் உனக்கு என்று சொல்லிவிடுகிறார். மறுபடியும் சூதாடுகிறாயே என்று கிருஷ்ணன் வியாசரில் கடிந்துகொள்கிறான். நகுலனையோ சகாதேவனையோ கேட்டிருந்தால் துரியோதனன் ஜெயித்திருப்பான். பீமனோடு மோதினால்தான் அவன் மானத்துக்கு அழகு. இவர் விரதத்தை அவன் மானம் காப்பாற்றியது.

சகுனியோட தாயக்கட்டை அவங்க அப்பா எலும்பாமே?

சிறையில் பட்டினி போட்டுக் கொல்லப்பட்ட தகப்பனின் எலும்பில் பகடை செய்து, கௌரவ குலத்தை உள்ளிருந்தே அழிக்க வந்தவன் சகுனி என்பது வாய்மொழிக் கதை. வியாசரில் அது இல்லை, அங்கே அவன் மருமகனுக்கு ஆதரவான மாமன் மட்டுமே. காரணமில்லாத கெடுதலை ஊர் மனசு ஏற்பதில்லை, அதனால் ஒரு காரணம் கட்டிக் கொடுத்தது. இரண்டையும் கலந்து பேசாமல் இருந்தால் போதும்.

சகாதேவன் எதிரிக்கே நாள் குறிச்சுக் குடுத்தானே, அவன் முட்டாளா?

போரில் ஜெயிக்கக் கொடுக்கும் நரபலியான களபலிக்கு நாள் கேட்டுத் துரியோதனன் எதிரணியில் இருக்கும் சகாதேவனிடமே வருகிறான், அவனும் அமாவாசை என்று ஒளிக்காமல் சொல்கிறான். சாஸ்திரம் கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்பது அவன் நேர்மை. சகாதேவன் பொய் சொல்லமாட்டான் என்று எதிரி நம்புவதும் கவனிக்க வேண்டியது. அந்த நேர்மையால் வந்த ஆபத்தைக் கிருஷ்ணன் முந்தின நாளே தர்ப்பணம் செய்து, அமாவாசையை முன்னால் வரவைத்துத் தடுக்கிறான். விலை கொடுப்பவன் அர்ச்சுனன் மகன் அரவான். முப்பத்திரண்டு லட்சணமும் உள்ளவர்கள் கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான் மூவர்தான். மற்ற இருவரை இழக்க முடியாது, நாகக்கன்னி பெற்ற பிள்ளையை இழக்கலாம் என்று முடிவாகிறது. அரவான் களபலியில் அந்தத் தாய் வந்து கேட்கும் கேள்விகளின்போது களரியில் சத்தமே இருக்காது.

இந்தப் பலி வியாசரில் இல்லை. தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது.

காலேஜ்ல பாத்திரப் படைப்பு பத்தி எழுதணும். கூத்தை வெச்சு எழுதலாமா, எப்படி?

தாராளமாக எழுதலாம். ஒரு பாத்திரம், ஓர் இரவுக் கூத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவன் திரை விருத்தத்தில் எதைப் பெருமையாகச் சொன்னான் என்று எழுதுங்கள். அடுத்து யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தான், பிறகு இரண்டு வாக்குகள் எந்தக் காட்சியில் முட்டிக்கொண்டன. கடைசியாக அந்தக் காட்சியில் கையிலோ தலையிலோ இருந்த பொருள் என்ன ஆனது: கிரீடமா, வில்லா, கூந்தலா, மோதிரமா. அந்தப் பொருள் கதையில் ஏதாவது வேலை செய்தால்தான் குறியீடு என்று எழுதுங்கள். சும்மா அலங்காரத்துக்கு இருப்பதைக் குறியீடு ஆக்காதீர்கள்.

அடிக்கடி மதிப்பெண் போவது ஒரே இடத்தில்தான்: கூத்தில் பார்த்ததை வில்லிபாரதம் என்றும், படத்தில் பார்த்ததை வியாசர் என்றும் எழுதிவிடுவது. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு பிறகு எழுத உட்காருங்கள்.

துச்சாதனன் வேஷம் கட்டனவரு புடவையைத் தொடறதுக்கு முன்னாடி கற்பூரம் கொளுத்திக் கும்புடறாரே, அது நாடகத்துல சேருமா?

சேரும், சேராது, இரண்டும். சூதாட்டமும் துகில் உரிதலும் வரும் ‘பகடை துகில்’ கூத்து அன்று எதிரே நிற்பது திரௌபதி வேஷம் கட்டிய ஆண்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அம்மனே அங்கே இருப்பதாக ஊர் நம்புகிறது, பெண்களுக்குச் சாமி வருவதும் அப்போதுதான். வேஷக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடுகிறார். துச்சாதனனுக்கு இல்லாத பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயம் உங்களுக்கும் தெரிவதால்தான் அடுத்த நிமிஷம் அவர் போடும் கூச்சல் இத்தனை கொடூரமாகக் கேட்கிறது.

படுகளத்துல துரியோதனனை மண்ணால செஞ்சு படுக்க வெச்சு, அடிச்சு முடிச்சதும் ஒப்பாரி எதுக்கு? கெட்டவன் செத்ததுக்கு யாராவது அழுவாங்களா?

விடிய விடிய பதினெட்டாம் போர் ஆடி முடித்து, வேஷம் கலைக்காமல் படுகளத்துக்கு வருவார்கள். களிமண்ணில் செய்த உருவம் மல்லாந்து கிடக்கும், 50 அடியைத் தாண்டும் உருவங்களும் உண்டு. பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொள்வார்கள். முன்னதாக அவன் தண்ணீருக்குள் இருந்து மந்திரம் ஜெபித்துக்கொண்டிருந்தான். ஜெபித்து முடித்திருந்தால் செத்த படை எழுந்திருக்கும். பீமன் ஏசிய ஏச்சைப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டான். அந்த வணங்காமுடிதான் கடைசிவரை. தொடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் கொப்பளிக்கும், கூந்தல் முடியப்படும்.

பிறகு ஒப்பாரி. தாயோ மனைவியோ வேஷம் கட்டியவர் முறத்தோடு வந்து மாரடித்து அழுவார். பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் அவன் கெட்டவனாக இருந்ததில்லை. நட்புக்கு அவன் காட்டிய நம்பிக்கையை மேலே கர்ணன் கேள்வியில் சொன்னோம், அழ அதுவே போதும். உருவத்தைக் குப்புறப் படுக்க வைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். முகம் வானத்தைப் பார்த்தபடி, தலையில் கிரீடத்தோடு கிடப்பான். ஒப்பாரி முடிந்ததும் அந்த உருவத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப்போய் நெல் கொட்டும் இடத்திலும் வயலிலும் போட்டுவைப்பார்கள். மண் எடுக்கப் போகிறவர்கள் ஒப்பாரி முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குமுன் யாரும் கைவைப்பதில்லை.